அக்கா படித்த பி.ஏ.

புதன்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு எனக்கு வகுப்பு முடியும். கோடையில் கலிஃபோர்னியாவுக்கும் திருச்செங்கோட்டுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்; அங்கே வியாழன் காலை பத்து. மாமா ரிக் வண்டியோடு சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ இருப்பார். பாப்பா பள்ளிக்கூடம் போயிருப்பாள். அக்கா பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டுவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக உட்காருகிற நேரம். நான் பார்க்கிங்கில் காரை ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்து அவளைக் கூப்பிடுவேன். நாலு வருஷம் இது நடந்தது.

"இன்னைக்கு என்னடா சொல்லிக்குடுத்தாங்க?" என்பாள்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். பதினைந்து வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. 2021-ல், முப்பத்திரண்டு வயதில், இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் லிபரல் ஆர்ட்ஸ் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். சில இடங்களில் இதையே லிபரல் ஸ்டடீஸ் என்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை நேரப் படிப்பு. அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1953-லேயே இதைத் தொடங்கிவிட்டது. இதில் மேஜர் என்று ஒன்று கிடையாது. ஒரு பருவம் பிளேட்டோ, அடுத்த பருவம் டார்வின், அதற்கடுத்து காலனிய வரைபடங்கள் என்று போகும். ஒரு விஷயத்தைப் பல துறைகளின் பக்கமிருந்து பார்க்கப் பழக வேண்டும் என்பது கணக்கு. ஒரு பெரிய மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர். எழுபதைத் தாண்டிய ரிட்டயர்டு வக்கீல், ஐ.சி.யூ. நர்ஸ் ஒருவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் ஒருவர், என்னைப் போல இரண்டு மூன்று கம்ப்யூட்டர்காரர்கள். ஆசிரியர் அதிகம் பேச மாட்டார். நாங்கள் பேசியாக வேண்டும். முதல் மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. பி.இ.யில் நாலு வருஷம் ஒரு ஆசிரியரும் என்னிடம் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டதில்லை. திடீரென்று கேட்டால் எங்கிருந்து வரும்?

ஒரு பாடத்துக்கு நாலாயிரம் டாலருக்கு மேல். எங்கள் கம்பெனியில் படிப்புச் செலவைத் திருப்பித் தருவார்கள். ஆனால் "இந்தப் படிப்பு உங்கள் தற்போதைய வேலைக்கு எப்படி உதவும்?" என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. விமர்சனச் சிந்தனை, தகவல் தொடர்புத் திறன் என்று கூசாமல் மூன்று வரி எழுதினேன். நிராகரித்துவிட்டார்கள். ஒரு வகையில் அந்த மேனேஜர் என்னைவிட நேர்மையானவர். பெரிய கம்பெனித் தலைவர்கள் மேடைக்கு மேடை சொல்வார்களே, கலையும் இலக்கியமும் படித்தால் சிறந்த இன்ஜினியர் ஆகலாம் என்று, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிளேட்டோவைப் படித்தபிறகும் நான் அதே மாதிரிதான் கோட் எழுதுகிறேன். பக்ஸும் அதே எண்ணிக்கைதான்.

முதல் வாரம் அக்கா கேட்டது, "லிபரல்னா என்னடா?"

லத்தீனில் லிபர் என்றால் சுதந்திரமானவன், பழைய ரோமில் அடிமையாக இல்லாதவன் படிக்கிற படிப்பு, கைவேலைக்கோ காசுக்கோ பயன்படாத படிப்பு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப வேலைவெட்டி இல்லாதவங்க படிப்பு. அப்படிச் சொல்லு."

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் வாரம் அரிஸ்டாட்டிலின் அரசியல் நூல் வந்தது. கூலிக்குச் செய்கிற வேலை மனதுக்கு ஓய்வே தராமல் அதைத் தாழ்த்திவிடும் என்கிறார் அந்த மனிதர். ஓய்வு இருக்கிறவனால்தான் சரியாகக் கற்க முடியும். ஸ்கூல் என்ற சொல்லே ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் வந்திருக்கிறது. அக்கா சொன்னது அகராதிப்படி சரி. வகுப்பில் இதை நான் சொன்னபோது எல்லோரும் ரசித்தார்கள். "உங்கள் அக்கா என்ன செய்கிறார்?" என்று நர்ஸ் கேட்டார். வீட்டில் இருக்கிறார் என்றேன். ஓய்வாக இருக்கிறார் என்று அவர் புரிந்துகொண்டிருப்பார்.

அக்கா பி.ஏ. வரலாறு. 2002-ல் சேர்ந்து 2005-ல் முடித்தாள். எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி. பன்னிரண்டாவதில் அக்கா எடுத்த மார்க்கில் வேறு ஏதாவது கிடைத்திருக்குமா என்று யாரும் பார்க்கவில்லை. நாமக்கல்லில் அரசு மகளிர் கல்லூரி இருந்தது. ஃபீஸ் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. பஸ் பாஸ் உண்டு. வீட்டில் சும்மா இருப்பதற்கு ஒரு டிகிரி இருக்கட்டும், மாப்பிள்ளை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். வரலாறுதான் வேண்டும் என்று அவள் கேட்டாளா, அதுதான் கிடைத்ததா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கேட்கத் தோன்றியதில்லை.

விடிகாலை எழுந்து தார் சுற்றிக் கொடுத்துவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடிப்பாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், பெரும்பாலும் நின்றுகொண்டு. சாயங்காலம் வந்து மறுபடி தார். பரீட்சைக்கு முன்னால் மட்டும் ராத்திரி பதினோரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பாள். சத்தம் போட்டுப் படித்தால் எனக்குத் தொந்தரவு என்று அம்மா உள்ளே விடவில்லை. நான் அப்போது பதினொன்றாவது. எனக்குக் கணக்கு டியூஷன், ஃபிசிக்ஸ் டியூஷன், நுழைவுத் தேர்வுக்கு ஒரு கோச்சிங். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்ததெல்லாம் ஜன்னல் வழியாக அக்காவின் குரலில் கேட்டதுதான்.

2006-ல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கவுன்சிலிங் போனோம். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். பெரிய திரையில் காலி இடங்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். அதைப் பார்க்கையில் அவருக்கு வியர்த்தது. பத்து நிமிஷத்தில் என் வாழ்க்கை முடிவானது. அதே வருஷம், அதே சர்தார் படேல் சாலையில், பக்கத்து வளாகமான ஐ.ஐ.டி.யில் மானுடவியல் துறைகளை ஒன்றாகச் சேர்த்து ஐந்து வருஷ ஒருங்கிணைந்த எம்.ஏ. தொடங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது முடித்தவர்கள் அப்போது நுழைவுத் தேர்வு எழுதிச் சேர முடிந்தது. நானோ அப்பாவோ கேள்விப்பட்டிருக்கவில்லை. கேள்விப்பட்டிருந்தாலும் அப்பா அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார். சத்தியமாக நானும்தான்.

எனக்கு நிறைவேறாத கலை ஆசை ஒன்று இருந்ததாகவும், இன்ஜினியரிங் அதைக் கொன்றுவிட்டதாகவும் சொல்லிக்கொண்டால் கட்டுரை நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. இன்ஜினியரிங் எனக்குப் பிடித்திருந்தது. முப்பது வயதுக்கு மேல் ஒரு சலிப்பு வந்தது, கையில் காசும் இருந்தது. மனைவி "கார் மாத்தறதுக்கு வெச்சிருந்த காசு" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அவ்வளவுதான் என் தியாகம்.

இரண்டாம் பருவத்தில் மார்ட்டியானஸ் கப்பெல்லா என்பவரைப் படித்தோம். ஐந்தாம் நூற்றாண்டு, வட ஆப்பிரிக்காக்காரர். அவருடைய நூல் ஒரு கல்யாணக் கதை. மாப்பிள்ளை மெர்க்குரி தேவன். மணப்பெண்ணின் பெயர் ஃபிலாலஜி, அதாவது கல்வி மேல் கொண்ட காதல். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீராக ஏழு தோழிகள் வருகிறார்கள். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, வடிவகணிதம், எண்கணிதம், வானியல், இசை. ஒவ்வொருத்தியும் எழுந்து தன் சரக்கை எடுத்துவிடுகிறாள். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் ஏழு கலைகள் என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஏழு பெண்களைத்தான். மருத்துவமும் கட்டடக்கலையும் வந்து காத்திருக்கிறார்கள். மண்ணோடு சம்பந்தப்பட்டவர்கள் என்று அவர்களைப் பேச விடவில்லை. வகுப்பில் எல்லோரும் இதை உருவகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று தாம்பாளத்தில் ஜாதகத்துக்குப் பக்கத்தில் அவளுடைய டிகிரி சர்டிஃபிகேட் ஜெராக்ஸும் இருந்தது.

இன்னொரு நூற்றாண்டு கதையும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டு பாரிஸில் ஹியூ என்ற துறவி, செயின்ட் விக்டர் மடத்தைச் சேர்ந்தவர், இந்த ஏழுக்கு இணையாகக் கைத்தொழில் கலைகள் ஏழைப் பட்டியல் போட்டார். விவசாயம், வைத்தியம், வேட்டையெல்லாம் உண்டு. பட்டியலில் முதலாவதாக அவர் வைத்தது நூல், நெசவு, துணி. அப்பா 2019-ல் போய்விட்டார். இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். கூலி ஏத்திக் குடுத்தாரா என்று கேட்டிருப்பார்.

இப்போது சொல்லவேண்டியதற்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

மூன்றாம் பருவத்தில் 'காலம்' என்று ஒரு பாடம். ஒரு இயற்பியல்காரரும் ஒரு வரலாற்றுக்காரரும் சேர்ந்து நடத்தினார்கள். கட்டுரைக்கு என்ன எடுக்கலாம் என்று யோசித்தபோது, வேலையில் என்னை ஒருமுறை இரண்டு நாள் தூங்கவிடாத ஒரு பக் ஞாபகம் வந்தது. உலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நேர வித்தியாசத்தைக் கணக்கிடுவதற்கு ஒரு பொதுத் தரவுத்தொகுப்பு இருக்கிறது. அதில் ஏசியா/கொல்கத்தா என்று தேடினால் நமக்குத் தெரிந்த 5:30 வரும். 1906-க்குச் சற்று முந்தைய தேதியைக் கொடுத்தால் 5:21:10 என்று வரும். ஐந்து மணி, இருபத்தொரு நிமிஷம், பத்து விநாடி. ஏதோ குப்பை என்று அப்போது ஒதுக்கிவிட்டுத் திருத்தினேன்.

அது மெட்ராஸ் நேரம். கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானிலக்கண நிலையத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. அங்கே வேலை பார்த்த ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் அதை நிர்ணயித்தார். அந்த நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. ரயில் வந்தபிறகு ஊருக்கொரு நேரம் என்றால் அட்டவணை போட முடியாது. கல்கத்தா ஒரு கோடி, பம்பாய் மறுகோடி; மெட்ராஸ் ஏறக்குறைய நடுவில். அதனால் இந்தியா முழுக்க ரயில்களுக்கு மெட்ராஸ் நேரம். 1906 ஜனவரி 1-லிருந்துதான் இப்போதிருக்கிற இந்திய நேரம். பம்பாய்க்காரர்கள் மெட்ராஸ் நேரத்தையும் ஏற்கவில்லை, புதியதையும் லேசில் ஏற்கவில்லை. 1955 வரை தங்கள் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் குப்பை என்று ஒதுக்கிய ஒரு எண்ணுக்குள் வானியல், தந்தி, ரயில், பேரரசு எல்லாம் மடிந்து கிடந்தன. இந்தப் படிப்பு எனக்கு ஏதாவது கொடுத்ததா என்று கேட்டால் அந்த எண்ணைத்தான் காட்டுவேன். நாலு துறையையும் ஒரே நேரத்தில் தொட்டால்தான் அது திறக்கும்.

தலைகால் புரியாமல் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அது சரி. ரயில்ல ஏறாதவங்களுக்கு என்னத்துக்குடா அந்த மணி?"

"என்னக்கா?"

"நம்ம அப்பத்தா வெயில் திண்ணை ஏறுச்சுன்னா மணி சொல்லும். அதுக்கு மெட்ராஸ் நேரமும் வேணாம், டெல்லி நேரமும் வேணாம். கைத்தறி இருந்த வரைக்கும் நம்ம ஊட்ல கெடியாரமே இல்லியே. பவர்லூம் போட்டு ஷிப்டுக்கு ஆள் வந்தப்பறந்தான் அப்பா கெடியாரம் வாங்குனாரு. அதையும் எங்க மாட்டுனாரு? ஊட்டுக்குள்ளயா மாட்டுனாரு? தறிக்கொட்டாயில மாட்டுனாரு. ஆளு எப்ப வர்றான்னு பாக்கறதுக்கு."

அந்தக் கடிகாரத்தின் கீழேதான் நான் வளர்ந்தேன். ஒரு முறைகூட அதை இப்படிப் பார்த்ததில்லை. ஆறு வாரம் நான் திரட்டியதெல்லாம் நேரத்தை யார் செய்தார்கள் என்பதைப் பற்றி. அது யாருக்கு, எதற்கு வேண்டியிருந்தது என்று அக்கா ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். ராத்திரி வீட்டுக்கு வந்து அதைக் கட்டுரையின் கடைசிப் பகுதியாக எழுதினேன். ரயில் நேரம், ஆலை நேரம், தறிக்கொட்டகைக் கடிகாரம்.

ஆசிரியர் அந்தப் பகுதிக்கு ஓரத்தில் கோடு போட்டு, கட்டுரையிலேயே சிறந்த இடம் இது என்று எழுதியிருந்தார். கூடவே ஈ.பி. தாம்ப்சன் 1967-ல் எழுதிய ஒரு கட்டுரையின் பெயர். தொழிற்புரட்சி கடிகாரத்தை எப்படி உழைப்பாளியின் தலைக்குள் கொண்டுபோனது என்பதைப் பற்றியது. இதைப் படிக்காமலேயே இந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்களே என்று பாராட்டு.

என் கட்டுரையில் முப்பத்தோரு அடிக்குறிப்புகள். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடாவிட்டால் இங்கே கொலைக்குற்றம் மாதிரி. முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தரவுத்தொகுப்புக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன், ரயில்வே ஆவணத்துக்குப் போட்டிருக்கிறேன். அக்காவுக்குப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. எழுதும்போது ஒரு கணம் தோன்றியது. போனில் அக்கா சொன்னதை எப்படிக் குறிப்பது என்று யோசித்துவிட்டு, நம் வீட்டு விஷயம்தானே, நம்முடையதுதானே என்று கடந்துபோனேன். என் டியூஷன் காசும், அவள் சுற்றிய தாரும்கூட நம் வீட்டு விஷயமாகத்தான் இருந்தன.

இதை அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இந்த வருஷம் பாப்பா பன்னிரண்டாவது முடித்தாள். அரசுப் பள்ளி. நல்ல மார்க். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே கட்டிவிடும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. அக்கா இதையெல்லாம் ஒரு வருஷத்துக்கு முன்பே விசாரித்து வைத்துவிட்டாள். பாப்பாவோ இன்ஜினியரிங் வேண்டாம், ஆர்ட்ஸ்தான் என்று அடம்பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன். உடனே போன் போட்டு அக்காவுக்கு வகுப்பெடுத்தேன். பிள்ளைக்கு என்ன பிடிக்கிறதோ அதைப் படிக்க விடு, காலம் மாறிவிட்டது, நான் இந்த வயதில் எவ்வளவு காசு கட்டி இதைப் படிக்கிறேன் பார், என்றெல்லாம்.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நீ மொதல்ல இன்ஜினியரிங் படிச்ச. சம்பாதிச்ச. ஊடு கட்டுன. அப்பறமா இதப் படிக்கற. நான் மொதல்லயே இதத்தான் படிச்சேன். நீ படிக்கறேன்னா எல்லாரும் ஆஹாங்கறாங்க. என்னையப் பாக்க வந்தப்ப 'டிகிரி முடிச்ச புள்ள'ன்னாங்க. அதோட சரி. அதுக்கப்பறம் இருவது வருஷமா ஒருத்தரும் எங்கிட்ட அதுல ஒரு கேள்வி கேக்கல. நீ புதங்கெழமை போன் பண்ணுறதத் தவர."

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. இன்ஜினியரிங் என்பது ஓய்வை வாங்குகிற வழி, அதை வாங்கியபிறகு மற்றதைப் படிக்கலாம் என்பது அவள் கணக்கு. அரிஸ்டாட்டில் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அவருக்கு இன்ஜினியரிங்குக்குப் பதில் அடிமைகள் இருந்தார்கள். இது தப்பு என்று என்னால் வாதாட முடியும். ஆனால் என் சம்பளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அக்காவிடம் வாதாட முடியாது.

அப்போதுதான் கடிகாரக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். நீ சொன்னதை நான் சொன்ன மாதிரி எழுதினேன், அதற்குத்தான் நல்ல மார்க் வந்தது என்று.

"அதுக்கென்ன இப்ப. எனக்கா மார்க்குப் போடப்போறாங்க" என்றாள். பிறகு, சற்று கழித்து, "என்ன மார்க்கு?" என்று கேட்டாள்.

பாப்பா போனைப் பிடுங்கினாள். "மாமா, நீங்க ரெண்டு பேரும் என்னத்துக்கு ஹிஸ்டரிக்குச் சண்டை போடறீங்க? நான் விஸ்காம்தான் கேட்டேன்."

நானாகவே அவள் வரலாறு படிக்க ஆசைப்படுவதாக முடிவு கட்டியிருந்தேன். கடைசியில் அவளே எல்லாவற்றையும் யோசித்து, கோயம்புத்தூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கேமரா ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று என்னிடம் ஒப்பந்தம்.

எனக்கு வகுப்புகள் முடிந்துவிட்டன. ஆய்வேடு மட்டும் பாக்கி. தறிக்கொட்டகைக் கடிகாரங்களைப் பற்றித்தான். புதன்கிழமை போன் நின்றுவிடும் என்று நினைத்தேன். அக்கா ஒருநாள் "அந்த தாம்ப்சன் எழுதுனது என்ன ஏதுன்னு சொல்லு, கேக்கறேன்" என்றாள். அதிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் தமிழில் சொல்லி வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறேன். பாத்திரம் கழுவும்போது கேட்கிறாள். போன வாரம் வந்த இடம், பழைய இங்கிலாந்தில் நெசவாளிகளும் செருப்புத் தைப்பவர்களும் திங்கட்கிழமையை விசேஷ நாள் மாதிரி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் இருந்தது. புனிதத் திங்கள் என்றே கேலியாக அதற்குப் பெயர்.

பதில் மெசேஜ் நாலு நிமிஷத்துக்கு வந்தது. நம் ஊரில் சம்பளம் போட்ட மறுநாள் எவன் தறிக்கு வந்தான், அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட்டது ஞாபகமில்லையா, வராதவர்களின் பெயரைக் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைப்பாரே, அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இதை ஆய்வேட்டில் போட்டுக்கொள்ளட்டுமா, உன் பெயரோடு, என்று கேட்டேன்.

"போட்டுக்க" என்றாள். "பேருக்குப் பின்னாடி பி.ஏ.ன்னு போடு."